சண்டை வராத நாட்டின் மனுக்கள்

நானா,

இன்று காலை ஒருவர் மான்களுக்கு எதிராக மனுக் கொண்டுவந்தார். கோட்டைப் பக்கத்து மான்கள் வேலியைத் தாண்டி வந்து அவருடைய பயற்றங்கொடியை ஒரு இலை விடாமல் மேய்ந்துவிட்டனவாம். வேறு முறைப்பாடு எதுவும் இல்லை. வீட்டில் யாரும் காணாமற்போகவில்லை, வீடு எரியவில்லை, நிவாரணப் பட்டியலில் பெயர் விடுபடவில்லை. மான்தான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அடக்கப் பார்த்தும் முடியவில்லை. "என்ன மிஸ், உங்களுக்குப் பகிடியாக் கிடக்கோ?" என்று அவர் கோபித்துக்கொண்டார். மன்னிப்புக் கேட்டு மனுவைக் கோவையில் போட்டேன். பிறகு கழிவறைக் கதவைப் பூட்டிக்கொண்டு அழுதேன்.

நீங்கள் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். "தங்கச்சி, அந்த நாட்டு ஆள் ஒராள் வாசல் மாறி இங்க வந்திட்டாரு."

அந்த நாட்டைப் பற்றி நான் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் இருவருக்கும் விசர் என்பார்கள். இந்த அரசாங்கக் கந்தோரின் பின் அறையில் இரண்டு தட்டெழுத்து மெசின்கள். ஒன்றில் நான், எதிரில், நான் அண்ணன் முறையில் நானா என்று கூப்பிட்ட நீங்கள். மூதூரிலிருந்து காலை லோஞ்சில் குடாவைக் கடந்து வந்து, உப்புக்காற்றில் விறைத்த தலைமயிரோடு உட்காருவீர்கள். எழுதத் தெரியாத சனங்கள் சொல்லச் சொல்ல மனு அடித்துக் கொடுப்பது நமது வேலை. எல்லா மனுவும் கிட்டத்தட்ட ஒன்றுதான். மகனைக் காணவில்லை. மாட்டைச் சுட்டுவிட்டார்கள். வயலுக்குப் போக விடுகிறார்கள் இல்லை. பெயரையும் ஊரையும் மாற்றினால் போதும் என்று ஆகிவிட்ட காலம்.

ஒருநாள் தம்பலகாமத்துக் கமக்காரர் ஒருவர், தனது உழவு மெசினை எரித்துவிட்டார்கள் என்று மனு அடித்துக்கொண்டு போனார். அவர் வெளியே போனதும் நீங்கள் கேட்டீர்கள்: "சண்டை எண்டு ஒண்டு வராமலே விட்டிருந்தா, இந்த மனுசன் இண்டைக்கு என்னத்துக்கு இங்க வந்திருப்பாரு?"

"பக்கத்து வயல்காரன் வரம்பை வெட்டிப்போட்டான் எண்டு வந்திருப்பார்," என்றேன்.

சாப்பாட்டு நேரத்தில் அதையே மனுவாக அடித்து என் மேசையில் வைத்தீர்கள். "வரம்பை வெட்டியவர் எனது மைத்துனர் ஆகையால் நான் அவரை அடிக்காமல் விட்டேன் என்பதையும் ஐயா அவர்கள் கவனத்தில் எடுக்கவும்" என்று ஒரு வரி. வயிறு நோகச் சிரித்தோம். அன்றிலிருந்து, காலையில் யார் மனு அடிக்க வந்தாலும், மத்தியானம் அவருக்கு அந்த நாட்டில் ஒரு மனு இருந்தது.

அந்த நாடு ஏன் அப்படி ஆனது என்பதற்கு ஒரு காரணம் வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடித்தேன். நீங்கள் தேநீரை ஊதிக் குடித்துவிட்டுச் சொன்னீர்கள்: "நம்மளப் பிரிச்ச சட்டம் வர இருந்த அண்டைக்கு மந்திரிமாருக்கெல்லாம் பகல் சாப்பாடு பழுதாகி வயித்தாலடி. பாராளுமன்றத்தில கை உயத்த ஆளில்ல. சட்டம் தள்ளிப்போச்சு, புறகு எல்லாரும் மறந்திட்டாங்க." அவ்வளவுதான் சரித்திரம். அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் மனுக்கள்.

இங்கே அப்போது பாலமே இல்லாத கிண்ணியாவுக்கு, அங்கே எப்போதோ பாலம் கட்டியாகிவிட்டது. அது பழசாகி வெடிப்பு விழுந்துவிட்டது என்றுதான் முறைப்பாடு வரும். கிளிவெட்டித் தமிழ்ப் பெண்ணொருத்தி பொலிஸ் இன்ஸ்பெக்டர். சைக்கிளுக்கு லைற் இல்லாத தன் சொந்த மாமனையே பிடித்து மறித்துவிட்டாள் என்று ஊரே அவளை மாற்றச் சொல்லி எழுதியது. நகரசபைத் தேர்தலில் பெரிய பிரச்சினை மான்கள். மானை வேலிக்குள் அடைக்கவேண்டும் என்றொரு கட்சி, திரியவிடவேண்டும் என்றொரு கட்சி. சிங்கள மீன் முதலாளியும் மூதூர் முஸ்லிம் கடைக்காரரும் உவர்மலைத் தமிழ்ப் பென்சன்காரரும் ஒரே மேடையில் நின்று மானுக்காகத் தொண்டை கிழியக் கத்தினார்கள். நான் அந்த நாட்டைக் கொஞ்சம் அழகாக்கப் பார்ப்பேன். இலஞ்சம் இல்லை என்று அடித்தால் நீங்கள் பேனையால் வெட்டிவிடுவீர்கள். "நல்ல நாடு வேணாம் தங்கச்சி. சும்மா ஒரு நாடு போதும்."

ஒரு துண்டும் மிச்சம் வைக்கக்கூடாது என்பது உங்கள் கட்டளை. யார் கையிலாவது அகப்பட்டால் நம்மை எந்தப் பக்கத்து ஆள் என்று விசாரிப்பார்கள். எல்லாவற்றையும் கிழித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போய், பின்னேர லோஞ்சில் கொட்டியாரக் குடாவில் கொட்டிவிடுவீர்கள்.

கட்டைபறிச்சானிலிருந்து வரும் அம்மாவின் தாளை மட்டும் உங்களிடம் தர எனக்கு வாய்க்கவில்லை.

அவளுக்கு இருந்தது ஒரே மகன். ரவுனுக்கு வந்து ஒரு கராஜில் வேலைக்குச் சேர்ந்து இரண்டாம் மாதம், ஒரு காலைச் சுற்றிவளைப்பில் லொறியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். திரும்பி வரவில்லை. மாதத்துக்கு ஒருமுறை உங்கள் லோஞ்சிலேயே வந்து புதிதாக ஒரு மனு அடித்துக்கொண்டு போவாள். ஒரு வெள்ளிக்கிழமை நீங்கள் ஜும்மாத் தொழுகைக்குப் போயிருந்தபோது, அவளுடைய மனுவை அடித்து முடித்த கையோடு, அந்த நாட்டு மனுவையும் அடித்தேன். "எனது மகன் கண்டியில் மோட்டார் வேலைத்தலத்தில் வேலை செய்கிறான். அங்கேயே விரும்பிய பெண்ணைக் கலியாணமும் செய்துகொண்டான். வீட்டுக்கு வருவதுமில்லை, கடிதம் போடுவதுமில்லை. ஐயா அவர்கள் அவனைக் கூப்பிட்டுப் புத்தி சொல்லவும்." உங்களிடம் காட்ட ஆசையாக வைத்திருந்தேன். அந்த நேரம் துறைமுகப் பக்கம் குண்டு வெடித்தது. யன்னல் எல்லாம் அதிர்ந்தது. பத்து நிமிடத்தில் கந்தோரைப் பூட்டச் சொன்னார்கள். வாசலில் நின்ற அவளுடைய கையில் மேசையில் கிடந்த தாளை மடித்துத் திணித்துவிட்டு ஓடினேன். திங்கட்கிழமை வந்து பார்த்தால், உண்மையான மனு என் மேசையில் கிடந்தது.

அடுத்தமுறை அவள் வந்தது ஒரு முட்டித் தயிரோடு. பள்ளிக்கூட மாஸ்டர் ஒருவர் தாளில் இருந்ததை இருந்தபடி வாசித்துச் சொல்லியிருக்கிறார். "கண்டியிலயாம் நிக்கிறான். கந்தோரால தேடிப் புடிச்சிட்டீங்களே புள்ள!" என்று என் கையைப் பிடித்தாள். பிறகு அவளுக்குக் கோபம் வந்தது. "பெத்தவளுக்கு ஒரு சொல்லுச் சொல்லாமக் கலியாணம் முடிச்சிருக்கான் பாருங்க. வரட்டும், தோலை உரிக்கிறன்." அவள் சத்தமாகத் திட்டி நான் அன்றுதான் கேட்டேன். உயிரோடு இருக்கிற மகனைத் திட்டுகிற குரல் அது. தயிர் முட்டியை வாங்கி மேசையில் வைத்தேன்.

"நான் லோஞ்சில வச்சுச் சொல்லுறன். நீங்க விடுங்க தங்கச்சி," என்று எனக்கு மட்டும் கேட்கச் சொன்னீர்கள்.

மறுநாள் கேட்டேன். "சொல்லியாச்சு," என்றீர்கள். அவள் அதன் பிறகு கந்தோருக்கு வரவில்லை. கோபமாக்கும் என்று நினைத்தேன். உண்மையைச் சொன்னால், நிம்மதியாகத்தான் இருந்தது. அந்த நாட்டுக்கு நாமும் பிறகு போகவில்லை.

எட்டு வருடம் கழித்து, நீங்கள் ஓய்வுபெற்ற அன்று, பிளேன்ரீ குடித்துக்கொண்டிருந்தபோது சொன்னீர்கள்: "நான் அவக்குச் சொல்லேல்ல தங்கச்சி."

லோஞ்சில் ஏறியதும் அவள் உங்களிடம் கேட்டாளாம், கண்டி குளிராமே, அவனுக்குச் சளி பிடிக்கிற உடம்பு என்று. "பழகிடும் எண்டிட்டன். அதோட போச்சு. புறகு நிப்பாட்ட ஏலாமப் போச்சு." அதற்குப் பிறகு மூதூர் இறங்குதுறையில் அவள் காத்திருக்கும் போதெல்லாம் ஏதாவது செய்தி சொல்லியிருக்கிறீர்கள். கண்டிக்குப் போகப்போகிறேன் என்று அவள் வெளிக்கிட்டால், பயணப் பாஸ் கிடைக்காது, பாதை சரியில்லை, அவன் வேறு கராஜுக்கு மாறிவிட்டான் என்பீர்கள். பிறகு ஒரு பெண்குழந்தையும் பிறந்தது. பேத்திக்கென்று அவள் தைத்துத் தந்த ஐந்து சட்டைகள், ஒன்றைவிட ஒன்று பெரிதாக, உங்கள் வீட்டு அலுமாரியில் இருப்பதாகச் சொன்னீர்கள்.

எனக்கு ஆத்திரம் தலைக்கேறியது. "அவ தேடுறதை விட்டிட்டா நானா. மற்றத் தாய்மார் முகாம் முகாமா ஏறி இறங்கின நேரம், இவ சட்டை தைச்சுக்கொண்டு இருந்திருக்கிறா. அப்ப தேடியிருந்தா..." என்று கத்தினேன்.

நீங்கள் கோப்பையைக் கீழே வைத்தீர்கள். "அந்த லோஞ்சில வேற ஆரும் சிரிச்சு நான் காணேல்ல," என்றீர்கள்.

அதுதான் நாம் கடைசியாகக் கதைத்தது. நீங்கள் இரண்டு தரம் ஆள்விட்டுக் கேட்டும் நான் பதில் சொல்லவில்லை. என்னுடைய தாளால்தான் எல்லாம் தொடங்கியது என்பதை மறந்து, உங்கள்மேல் பழியைப் போட்டு வைத்திருந்தேன். ஐந்து மாதத்தில், மாரடைப்பில் நீங்கள் போய்விட்டீர்கள் என்று செய்தி வந்தது. லோஞ்ச் ஓடவில்லை, அதனால் அடக்கத்துக்கு வரமுடியவில்லை என்று உங்கள் மனைவிக்குச் சொல்லி அனுப்பினேன். அன்று லோஞ்ச் ஓடியது.

போன மாதம் அவள் கந்தோருக்கு வந்தாள். நன்றாகக் கூனிவிட்டாள். கதிரையில் இருத்தினேன். "நானா மௌத்தாப் போனாராம். இனி மகன்ட செய்தி உங்களிட்டத்தானே புள்ள வரும்?" என்றாள். சொல்லிவிடுவது என்று முடிவெடுத்து மூச்சை இழுத்தேன். அவள் முந்திக்கொண்டாள். "பேத்தி இப்ப பள்ளிக்கூடம் போவாள் என்ன?"

"ஓம்," என்றேன். பாருங்கள் நானா, அவ்வளவு லேசாக வந்தது. உங்களை எட்டு வருடப் பொய்க்காகத் திட்டியவள் நான்.

அவளுக்கு முகம் மலர்ந்தது. "அவளுக்கு நானா ஒரு பேர் சொன்னவர். எனக்கு வாயில வருகுதில்ல. என்ன பேர் புள்ள?"

எனக்கு அது தெரியாது. நீங்கள் சொல்லவில்லை, நான் கேட்கவுமில்லை. வாய்க்கு வந்த பெயரொன்றைச் சொன்னேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "அது இல்லையே," என்றாள். இன்னொன்று சொன்னேன். அவள் தலையாட்டவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அழவுமில்லை, என்னை ஏசவுமில்லை. ஏசியிருக்கலாம்.

கடைசியில், "அப்ப எழுதுங்க புள்ள. மகனைக் காணேல்ல எண்டு எழுதுங்க," என்றாள்.

இப்போது அச்சடித்த படிவம் வந்துவிட்டது. பெயர், வயது, கடைசியாக உடுத்திருந்த உடுப்பு எல்லாம் அவள் சொல்லச் சொல்ல அடித்தேன். காணாமற்போன திகதி என்ற இடத்தில், சுற்றிவளைப்பு நடந்த நாளை அடிக்கப்போனேன். அவள் என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"அது இல்லப் புள்ள. இண்டைக்குத் திகதியப் போடுங்க. நேத்து வரைக்கும் இருந்தவன்."

நான் பழைய திகதியைத்தான் அடித்தேன். அதைத்தான் ஏற்றுக்கொள்வார்கள். மனுவும் மேலிடத்துக்குப் போய்விட்டது, பதில் வரப்போவதில்லை. ஆனால் அவள் சொன்ன திகதியைச் சுமந்துகொண்டுதான் நான் திரிகிறேன். முதல்முறை அவனைக் கொண்டுபோனது யார் என்று கேட்டு எத்தனையோ மனு அடித்தேன் நானா. இரண்டாம் முறை கொண்டுபோனது யார் என்று எனக்குத் தெரியும்.