கண்மாயில் விட்ட நாலு செடி

1937 மார்ச் 6, சனி

அவர் கண்மூடி இன்றோடு ஒரு வருஷம். கிணற்றடித் தொட்டியில் அவர் வைத்த ஆகாயத்தாமரை நிரம்பி வழிகிறது. கோட்டயத்திலிருந்து எனாமல் பேசினில் போட்டு, மடியில் வைத்துக்கொண்டே குமுளி மலை இறங்கி வந்தார். “மண்ணே வேண்டாம் சுகிர்தம், தண்ணீர் போதும்” என்றார். மிஞ்சியதைத் தூர எறிய மனம் வரவில்லை. நாலு செடியை ஊர்க் கண்மாயில் விட்டேன். அவர் மாலையில் உலாவிய கரைதானே.

செப்டம்பர் 12

கண்மாயில் ஊதாப் பூ. பெண்கள் நின்று பார்க்கிறார்கள். எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

1938 நவம்பர் 3

வாராவாரம் அயிரை மீன் கொண்டுவரும் ராக்கம்மாள் வெறுங்கூடையோடு வந்தாள்.

“கண்மாயில அந்த ஊதாப்பூச் செடி மூடித் தண்ணியே தெரியல டீச்சரம்மா. வலை எறங்க மாட்டேங்குது. அல்லி பூராம் அழுகிப்போச்சு. பெரியாத்துத் தண்ணியில வந்த சனியன்னு சொல்றாக.”

நான் விட்ட செடி என்று சொல்லாமல் உள்ளே போய்விட்டேன். ஏன்?

நவம்பர் 5

போய்ப் பார்த்தேன். முன்பு வெள்ளை அல்லிக்கு நடுவே முக்குளிப்பான் பறவை முங்கும். எங்கே எழும் என்று அவரும் நானும் பந்தயம் கட்டுவோம். எப்போதும் நான்தான் தோற்பேன். இப்போது அதற்கு முங்க இடமில்லை. அவர் பார்த்த கண்மாய் இது இல்லை — நான்தான் கெடுத்தேன்.

1939 ஏப்ரல் 18

வீட்டுக்கு ஓர் ஆள் வந்து செடியை இழுக்கவேண்டும் என்று தண்டோரா. நானும் இறங்கினேன். முழங்கால் வரை சேறு, நாற்றம்.

“நீங்க ஏன் டீச்சரம்மா எறங்குறீக? ஒங்கள யாரு கேக்கப்போறாக?” என்றாள் ராக்கம்மாள்.

அதற்குமேல் தாங்கவில்லை. “நான்தான் விட்டேன் ராக்கம்மா. அவர் நினைவா.”

கையிலிருந்த செடியையே பார்த்தாள். “எம்புள்ளைக ஆறு மாசமா கஞ்சிக்கு...” என்றாள். எதிர்க்கரைக்குப் போய் நின்று இழுத்தாள்.

ஏப்ரல் 19

தொட்டியில் இருந்ததையும் அள்ளிப் பாறையில் காயப்போட்டேன். அவர் கையால் வைத்தது. அழுகையாக வந்தது.

ஜூலை 2

ராக்கம்மாள் இந்தத் தெருப்பக்கமே வருவதில்லை.

டிசம்பர் 9

பள்ளிக்கூடம் விட்டு வந்தேன். கிணற்றடியில் ஈரச்சாக்கு, உள்ளே துளிர்விட்ட அல்லிக் கிழங்கு ஒன்று.

“ராக்கம்மா வச்சிட்டுப் போனா. கோம்பை ஊர்ல அவ அண்ணன்கிட்ட வாங்கியாந்தாளாம். கண்மாய்க்குப் பத்து, டீச்சரம்மாவுக்கு ஒண்ணுன்னு சொன்னா” என்றாள் பக்கத்து வீட்டு மலையம்மாள்.

இதற்கு மண் வேண்டும். கண்மாய்க்குப் போய் ஒரு கூடை வண்டல் அள்ளி வந்து தொட்டியில் போட்டேன்.