சிவப்பனின் பெண்டாட்டி

சான் ஹுவான் பவுதிஸ்தா,
1991 அக்டோபர் 6

அன்புள்ள நெல்தா,

இங்கே நலம். வால்பராய்சோ மேடுகளில் ஏறி இறங்கி உன் முழங்கால் நோகாமல் இருந்தால் சரி. சிங்கி இறால் பருவம் திறந்துவிட்டது, பொறிக் கூடுகளைக் கடலில் இறக்கியாயிற்று. வீடுதான் வெறிச்சென்று கிடக்கிறது.

வாசலில் நீ நட்ட கோஸ் மரம் ஆரஞ்சாகப் பூத்திருக்கிறது. நம் தீவுச் சிவப்பு ரீங்காரச் சிட்டு அதில் பண்ணையார் மாதிரி உட்கார்ந்திருக்கிறான். ஆனால் கடலுக்கு அப்பால் பெருங்கரையிலிருந்து வந்த பச்சைச் சிட்டுகள் தேனைத் திருட வருகின்றன. வாணலியைத் தட்டித் துரத்துவதே எனக்கு வேலை. அண்ணன் சிரிக்கிறான்: "கூடு இழுக்க வாடான்னா, குருவி வெரட்டிக்கிட்டு நிக்கிறான் பாரு!"

அங்கே பள்ளிக்கூடத்தில் உன் தற்காலிக வேலையை நிரந்தரமாக்குகிறார்களாமே. மாத முடிவுக்குள் நீ பதில் சொல்ல வேண்டுமாம். ஊரார் சொல்லித்தான் எனக்குத் தெரிகிறது.

உன்
எவாரிஸ்தோ


வால்பராய்சோ,
அக்டோபர் 14

கிழவா,

முதலில் வாணலியைக் கீழே வை. நீ துரத்துகிற சிட்டுக்கு வயிறு என்ன நிறம்? என் பால்கனிக்கு வரும் பெருங்கரைப் பச்சைக்கு வயிறு அழுக்குச் சாம்பல். உருவமும் சின்னது. நம் சிவப்பனின் பெண்டாட்டி சிவப்பாக இருக்க மாட்டாள். தலை நீலம், முதுகு பச்சை, வயிறு பளிச்சென்ற வெள்ளை. உன் தீவை விட்டால் அவளுக்கு உலகில் வேறு ஊரே கிடையாது. அவளைத்தான் வெளியூர்க்காரி என்று விரட்டுகிறாயோ என்று பயமாக இருக்கிறது.

அவளாவது தீவுக்காரி. நான் நிஜமாகவே பெருங்கரையில் பிறந்தவள். பதினோரு வருடம் உன்னோடு வாழ்ந்த பிறகும், நான் கிளம்பும் முன் சாப்பாட்டு மேசையில் உன் அண்ணன் "வந்தவளுக்கு எங்க கடலப் பத்தி என்ன தெரியும்?" என்றான். நீ மீன்முள்ளைப் பொறுக்கிக்கொண்டிருந்தாய். எனக்கு வலித்தது, எவாரிஸ்தோ. இன்னும் வலிக்கிறது.

வேலைக்குச் சரி என்று சொல்லிவிடலாமென்று இருக்கிறேன்.

நெல்தா


சான் ஹுவான் பவுதிஸ்தா,
அக்டோபர் 21

என் நெல்தா,

வெள்ளை வயிறு. நீலத் தலை. மரத்தடியில் அசையாமல் உட்கார்ந்து பார்த்துவிட்டேன். வெட்கமாக இருக்கிறது. வாணலியில் இப்போது முட்டைதான் பொரிகிறது. சாம்பல் வயிற்றோடு அசல் பெருங்கரைப் பச்சை ஒன்றும் வந்தது. அவ்வளவு கடலைத் தாண்டி வந்து இங்கேயே கூடு கட்டிக் குடும்பம் நடத்துகிற ஜாதி. அதையும் துரத்தவில்லை.

அண்ணனிடம் சொன்னேன்: "அவ என் பொண்டாட்டி. வந்தவ, போனவங்கிற பேச்செல்லாம் இனிமே என் வீட்ல வேண்டாம்." மூஞ்சியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான்.

இறால் கிடைக்கும் இடத்தை இங்கே ரத்த சொந்தத்துக்கு மட்டுமே சொல்வார்கள். அந்த இடம் நெருங்கினாலே உன்னைக் கரைக்கு முதுகு காட்டி உட்காரச் சொல்வேன். நீயும் திரும்பி உட்காருவாய். இப்போது கேள். படகிலிருந்து கரையைப் பார்த்தால், கல்லறைத் தோட்டத்துச் சிலுவை மஞ்சள் பாறைக்கு நேர் கீழே வர வேண்டும். கலங்கரை விளக்கம் முனைக்குப் பின்னால் பாதி மறைய வேண்டும். இரண்டும் சேர்கிற இடத்தில் கூட்டை இறக்கு. என் அப்பா எனக்குச் சொன்ன இடம் அது. நீ வந்தாலும் வராவிட்டாலும் உனக்குத் தெரிந்திருக்கட்டும்.

எவாரிஸ்தோ


வால்பராய்சோ,
அக்டோபர் 29

கிழவா,

வேலை வேண்டாமென்று சொல்லிவிட்டேன். தலைமையாசிரியைக்கு என்மேல் ஒரே கோபம். அடுத்த கப்பலில் வருகிறேன். மாவு தீர்ந்திருந்தால் உடனே எழுது. உன் அண்ணனுக்குக் கம்பளித் தொப்பி வாங்கியிருக்கிறேன், மூஞ்சியைக் கொஞ்சம் இறக்கிவைக்கச் சொல்.

உன் கடிதத்தை மனப்பாடம் செய்துகொண்டு அடுப்பில் போட்டுவிட்டேன். நம் இடம் வெளியாள் யார் கண்ணிலும் பட்டுவிடக் கூடாது.

உன்
நெல்தா