பகடையில் ஒற்றைப் புள்ளி

அன்பு மகளுக்கு,

போனில் கதைக்க முகமில்லை, அதனால் எழுதுகிறேன்.

கடைக் கதவில் ஒட்டியிருந்த பத்திரிகைத் துண்டை இன்று சுரண்டி எடுத்துவிட்டேன். நீயும் உன் தோழி மேரினும் பாடி வெளியிட்ட புது சீடியைப் பற்றிய துண்டுதான். உங்கள் படத்துக்குக் கீழே ஒரு பகடை, அதில் ஒற்றைப் புள்ளி. பள்ளிக்கூடத்தில் நீ எப்போதும் முதலாம் பிள்ளை. இதிலும் அப்படித்தான் என்று நினைத்துவிட்டேன். கீழே இருந்த நோர்வேஜிய எழுத்தை வாசிக்க முயலவில்லை. இந்தக் குறொன்லாண்ட் கடைத்தெருவில் வந்து போனவர்களுக்கெல்லாம் லட்டுக் கொடுத்தேன்.

காலையில் மிளகாய்த்தூள் வாங்க வந்த யதுர்ஷா கதவடியில் நின்று மெதுவாகச் சொன்னாள்: "மாமா, குறை நினைக்காதேங்கோ. இஞ்சத்தைப் பேப்பர்க்காரர் ஆறு புள்ளி போட்டால்தான் திறம். ஒண்டு எண்டால் படு மோசம்."

ஊர் சிரித்தால் சிரிக்கட்டும். சனிக்கிழமை நீ அந்தக் கதவைத் தள்ளிக்கொண்டுதானே உள்ளே வந்தாய்? "என்ரை பிள்ளை முதலாவது!" என்று எல்லோர் முன்னாலும் உன் வாயில் லட்டை வைத்தேன். நீ அதை மென்று விழுங்கினாய்.

போகும்போது, "பாட்டு எப்பிடி அப்பா?" என்று கேட்டாய். "திறம்" என்றேன்.

நீ தந்த சீடியை இன்றைக்குத்தான் உறை பிரித்தேன்.

அப்பா