பதில் ஆள்

ஏப்ரல் 4

அடேய் மாப்பிள்ளை,

நலமா என்று கேட்க மாட்டேன். முந்தாநாள் எங்கள் பேண்ட் வேனில் ஏறும்போது உன் முகத்தைப் பார்த்தேனே, கல்யாணத்தன்றுகூட நீ அப்படி ஜொலிக்கவில்லை. என் இடது கை கழுத்திலிருந்து தொங்குகிறது. வலது கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது. அதனால்தான் கடிதம். போனில் பேசினால் இரண்டு நிமிடம் சிரித்து மழுப்பிவிட்டு வைத்துவிடுவாய். எழுதினால் உட்கார்ந்து படித்துத்தானே ஆக வேண்டும்?

உன் வீட்டுக்காரி மாடியிலிருந்து வேளாவேளைக்குச் சாப்பாடு கொண்டுவந்து வைக்கிறாள், கூடவே ஒரு பாட்டம் திட்டிவிட்டுப் போகிறாள். "ஸ்பீக்கர் பெட்டியத் தூக்கிட்டு எறங்குறவன் படியப் பாக்க மாட்டானா? அண்ணனாம் அண்ணன்!" பெட்டியை விட்டிருந்தால் எலும்பு தப்பியிருக்கும். விட மனசு வரவில்லை. நம் டிரம்மர் ஓடிவந்து முதலில் கேட்டது, "பெட்டிக்கு ஒண்ணும் ஆகலையே?" என்றுதான். பெட்டி பத்திரம். என் தோள் எலும்புதான் இரண்டாகப் போய்விட்டது.

காலேஜில் சும்மா மச்சான், மாப்பிள்ளை என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தோம். நீ என் தங்கையைக் கட்டிக்கொண்டு அதை நிஜமாக்கினாய். அவளை உன்னிடம் கொடுத்தபோது நான் அதிகம் யோசிக்கவில்லை. என் பேஸ் கிட்டாரைக் கொடுக்கத்தான் இரண்டு நாள் யோசித்தேன். கோபித்துக்கொள்ளாதே. அது தலை கனத்த வாத்தியம். ஸ்ட்ராப்பைத் தோளில் உள்தள்ளி மாட்டு, இல்லாவிட்டால் கழுத்துப் பக்கம் தரையைப் பார்த்துச் சாயும். கம்பிகளைத் துடைக்கக்கூடத் துடைக்காதே. பேண்டில் சேர்ந்த வருடம் போட்டவை. அந்த அழுக்கில்தான் எங்கள் பாட்டுகளின் சத்தமே இருக்கிறது.

கடைசிக் கச்சேரிக்குள் எலும்பு கூடிவிடும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஜூன் கடைசியில், திறந்தவெளி மைதானத்தில், ஒலிப்பதிவு செய்து ஆல்பமாக வெளியிடப்போகிறோமே, அது. அதுவரை என் இடத்தில் நீ நில். அதற்கு நான் வந்துவிடுவேன். இத்தனை வருடம் வாசித்ததற்கு அந்த ஒரு பதிவாவது என் பேரில் இருக்க வேண்டும். வேறு எதற்கும் நான் ஆசைப்படவில்லை.

ஒற்றைக் கையோடு,
உன் மச்சான்

*

ஏப்ரல் 19

என் அருமை மச்சானுக்கு,

உன் கடிதத்தை வேனில் சத்தமாகப் படித்தேன். கம்பி அழுக்கு சமாசாரத்துக்கு டிரம்மர் விழுந்து விழுந்து சிரித்தான். பாடகரும் சிரித்தார். நீ வைத்த பேர் இன்னும் அவருக்குத் தெரியாது, நாங்கள் முதுகுக்குப் பின்னால் மட்டும்தான் 'பாகவதர்' என்கிறோம். மேடையில் கத்துவதற்கு முன் அரை மணி நேரம் தொண்டையைச் செருமுவது இன்னும் நடக்கிறது.

விடுதி அறையில் இரண்டு கட்டில், மூன்று பேர். ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்தின் சுவர். துவைத்த காலுறைகளை ஆம்ப்ளிஃபயர் பெட்டி மேல் உலர்த்தியிருக்கிறோம். நீ எப்படி இதையெல்லாம் இத்தனை காலம் சகித்தாய்?

ஆனால் நேற்றைய கச்சேரியை நீ பார்த்திருக்க வேண்டும், மச்சான்! மூன்றாவது பாட்டு நடுவில் கரண்ட் போய்விட்டது. மைக் இல்லை, கிட்டார் இல்லை, என் பேஸ், உன் பேஸ்தான், வெறும் கட்டை. டிரம்மர் மட்டும் நிறுத்தவில்லை. கூட்டம் பாட ஆரம்பித்தது. நான் சத்தமே வராத கம்பிகளை விடாமல் வாசித்துக்கொண்டிருந்தேன். கரண்ட் திரும்பியபோது சரியான இடத்தில், சரியான தாளத்தில் இருந்தேன். பாகவதர் திரும்பி என்னைப் பார்த்துத் தலையாட்டினார். "அந்த ஆளு பேஸ்காரன் பக்கம் திரும்பவே மாட்டான்" என்று நீ சொல்வாயே.

ஒரு குற்றம் செய்துவிட்டேன். நீ நெட்டை, நான் குட்டை. உன் ஸ்ட்ராப்பில் வாத்தியம் என் முழங்கால் வரை தொங்கியது. இரண்டு ஓட்டை ஏற்றிவிட்டேன். பட்டை வேறு ஒல்லி, கழுத்தை அறுக்கிறது. கச்சேரி முடிந்தால் தோளில் சிவப்பாக ஒரு கோடு. திரும்பி வரும்போது பழையபடி இறக்கிவிடுகிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். அவசரமே இல்லை.

அன்புடன்,
உன் மாப்பிள்ளை

*

மே 3

அடேய்,

அவசரம் இல்லையா? உனக்கு இருக்காது, எனக்கு இருக்கிறது. கைக்கட்டை அவிழ்த்துவிட்டார்கள். பயிற்சி கொடுக்கிற அம்மா என் தோளைப் பிடித்துத் திருப்பும்போது நான் போடும் சத்தத்தைப் பாகவதர் கேட்டால் பாட்டுக்கே சேர்த்துக்கொள்வார். "வலிக்குதுன்னு நிறுத்தினா கை இப்படியே நின்னுடும்" என்கிறார். நிறுத்தவில்லை. உன் பழைய பேஸை மாடியிலிருந்து வாங்கி, உட்கார்ந்து கொஞ்சம் கொஞ்சமாக வாசிக்கிறேன். விரலுக்கு எதுவும் மறக்கவில்லை, தோள்தான் முணுமுணுக்கிறது.

நேற்று ஒரு பழைய நினைப்பு. நாம் மழையில் நனைந்துகொண்டே பார்த்தோமே, அந்த முதல் ராக் கச்சேரி. பாடகன் இரும்புச் சாரத்தின் மேல் ஏறிக் குதிக்கிறான், ஊரே அவனைப் பார்க்கிறது. நாம் இரண்டு பேர் மட்டும் மூலையில் நின்ற பேஸ்காரனைப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஸ்ட்ராப்புக்கு அடியில் ஒரு துண்டை மடித்து வைத்திருந்தான். கல்லுப்பிள்ளையார் மாதிரி நின்றான், ஒரு தரம்கூடச் சிரிக்கவில்லை. அவன் கட்டைவிரலை எங்கே ஊன்றுகிறான் என்று வீடு வரைக்கும் சண்டை போட்டோம். உன்னைத் தவிர வேறு யாரோடு நான் அப்படிச் சண்டை போட முடியும்?

அந்தத் துண்டை நினைத்துக்கொண்டுதான் தெருமுனைப் பை தைக்கிறவரிடம் ஒரு ஸ்ட்ராப் சொல்லியிருக்கிறேன். நாலு விரல் அகலம், உள்ளே பஞ்சு, தோல் மிருதுவாக. கூடின எலும்புக்கு அப்படி ஒன்று வேண்டும். கடைசிக் கச்சேரியில் அதைத்தான் மாட்டுவேன்.

ஒத்திகை என்றைக்கு, எந்த இடம் என்று எழுது. டிரம்மருக்கு நாலு முறை போன் செய்தேன், எடுக்கவில்லை. உன்னை உன் கடை முதலாளியும் தேடுகிறார், பழுதான கிட்டார்கள் கூரை வரை அடுக்கியிருக்கின்றனவாம். வந்து அவற்றைப் பார்.

உன் மச்சான்

*

மே 20

அன்புள்ள மச்சான்,

தாமதத்துக்கு மன்னித்துவிடு. தினம் ஓர் ஊர். எழுத உட்கார்ந்தால் வேன் ஹாரன் அடிக்கிறது.

கை தேறியது கேட்டு மகிழ்ச்சி. ஆனால் உட்கார்ந்து வாசிப்பது வேறு, கனத்த வாத்தியத்தைத் தோளில் போட்டுக்கொண்டு நிற்பது வேறு. டாக்டரிடம் இன்னொரு முறை கேள். ஒத்திகைத் தேதி முடிவாகவில்லை. டிரம்மருக்கு நேரமே இல்லை, தப்பாக நினைக்காதே.

சொல்ல மறந்தேனே. கம்பிகள் ரொம்பச் செத்துப்போயிருந்தன மச்சான். சவுண்ட் பார்க்கிறவர் தினமும் புலம்பினார். புதுசு போட்டுவிட்டேன். கம்பி உயரத்தையும் கொஞ்சம் குறைத்தேன். இப்போது மணி மாதிரி ஒலிக்கிறது. நீயே கேட்டால் அசந்துபோவாய்.

தங்கச்சியை விசாரித்ததாகச் சொல். பார், வாய் தவறி உன் தங்கச்சியை நானும் தங்கச்சி என்கிறேன். தூக்கக் கலக்கம்.

உன் மாப்பிள்ளை

*

மே 28

டேய்,

உன் கடிதத்தைப் படித்ததும் முதலில் கோபம் வரவில்லை. கம்பி மாற்றிய இடத்தைத் திரும்பப் படித்தேன். நானும் பேஸ்காரன்தானடா. ஸ்ட்ராப்பை ஏற்றினாய், அது உயரத்துக்காக. சரி. ஆனால் பதில் ஆளாகப் போனவன் கம்பி மாற்ற மாட்டான். வாடகைக்கு வந்தவன் சுவரை இடித்து ஜன்னல் வைப்பானா? சொந்த வீடு என்று ஆன பிறகுதான் வைப்பான். இது டிரம்மருக்குப் புரியாது, பாகவதருக்குப் புரியாது. எனக்கும் புரியாது என்று எப்படி நினைத்தாய்?

இருந்தாலும் என் புத்தியைத்தான் திட்டிக்கொண்டேன். சந்தேகப் பிராணி என்று. நேற்று ஸ்ட்ராப்பை வாங்கப் போனேன். பை தைக்கிறவர் இரண்டை எடுத்து மேசையில் வைத்தார். ஒரே தோல், ஒரே பஞ்சு. ஒன்று நீளம், ஒன்று குட்டை.

"இது யாருக்குங்க?" என்றேன்.

"உங்க மாப்பிள்ளைக்குத்தான். போன்ல சொன்னாரு. உங்களுக்குத் தெச்ச மாதிரியே வேணுமாம், அடுத்த வருஷம் முழுக்க டூராமே! நல்ல மனுஷன், உங்க ஸ்ட்ராப்புக்கும் அவரே குடுத்துடுறேன்னாரு."

அவர் சிரித்த முகமாகச் சொன்னார். நானும் சிரித்தேன். வேறு என்ன செய்ய? இரண்டையும் வாங்கிக்கொண்டு வந்து உன் வீட்டுக்காரியின் முன்னால் வைத்தேன். அவள் எதுவும் கேட்கவில்லை. அவள் கேட்காததிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

"ஒடம்பு தேறட்டும்னுதாண்ணா சொல்லல" என்றாள். "அவரு கடையில குனிஞ்சு குனிஞ்சு அடுத்தவங்க கிட்டாரையே ரிப்பேர் பண்ணிட்டுக் கெடந்தாருண்ணா. இப்பத்தான் போன்ல கொரலே மாறியிருக்கு." சொல்லிவிட்டு அழுதாள். அவளை நான்தான் சமாதானப்படுத்தினேன். கூத்தைப் பார்த்தாயா?

சுற்றி வளைக்காமல் கேட்கிறேன், சுற்றி வளைக்காமல் பதில் எழுது. அந்தக் கச்சேரியில் நிற்கப்போவது நீயா, நானா?

மச்சான்

*

ஜூன் 8

மச்சான்,

எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் மூன்று காகிதத்தைக் கிழித்துப் போட்டேன்.

நான் கேட்கவில்லை. என் தாய்மேல் ஆணை, நான் கேட்கவில்லை. அவர்களாகத்தான் சொன்னார்கள். கரண்ட் போன அன்றைக்கே டிரம்மர் என்னைத் தனியே கூப்பிட்டு, "உன்கூட வாசிச்சா எனக்கு இழுக்க வேண்டியதில்லடா, அவன்கூட வாசிக்கும்போது எப்பவும் நான்தான் இழுத்துட்டு ஓடணும்" என்றான். நான் உனக்காகப் பேசினேன். முதல் தடவை கோபமாகவே பேசினேன். இரண்டாம் தடவையும் பேசினேன். மூன்றாம் தடவை பேசவில்லை. பொய் சொல்லி என்ன பிரயோசனம்?

உனக்குத் தெரியாதது ஒன்று இருக்கிறது. நம் ஊரில் நீ மேடைக்குப் போன ஒவ்வொரு முறையும் உன் வாத்தியத்தைச் சரிபார்த்துக் கையில் கொடுத்தவன் நான். திரையோரம் நின்று உன் ஒவ்வொரு பாட்டையும் என் தொடையில் வாசித்திருக்கிறேன். நீ ஒரு தரமாவது "இன்னைக்கு நீ வாசிடா" என்றிருக்கிறாயா? எலும்பு உடைந்த பிறகுதானே சொன்னாய்?

சரி, அதை விடு. பேஸ் உன்னுடையது, கச்சேரி முடிந்ததும் திருப்பிக் கொடுத்துவிடுவேன். இதோடு இரண்டு டிக்கெட் வைத்திருக்கிறேன். முன்வரிசை. நீயும் அவளும் வாருங்கள். நீ முன்னால் உட்கார்ந்திருந்தால் எனக்குத் தைரியமாக இருக்கும். கண்டபடி திட்டு, வந்து நாலு அறை வேண்டுமானாலும் அறை. வராமல் மட்டும் இருந்துவிடாதேடா.

உன் மாப்பிள்ளை

*

ஜூலை 2

மரியாதைக்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

தாங்கள் நலம் என்று தங்கை சொன்னாள். மகிழ்ச்சி.

கச்சேரிக்கு வந்திருந்தேன். அவள் தனியாக வர வேண்டாமே என்று வந்தேன். என் பாட்டுகளுக்கு நான் டிக்கெட் காட்டி உள்ளே போனேன், வாசலில் நின்றவர் கையில் ஒரு முத்திரை குத்தி அனுப்பினார். சோப்பு போட்டும் முழுசாகப் போகவில்லை.

நன்றாக வாசித்தீர்கள். இதை உபசாரத்துக்குச் சொல்லவில்லை. இரண்டாவது பாட்டின் நடுவில், நான் எப்போதும் கீழே இறங்குகிற இடத்தில், தாங்கள் இறங்காமல் ஒரே சுரத்தில் நின்றீர்கள். கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டது. இத்தனை வருடமாக அந்த இடத்தில் ஏதோ குறைகிறது என்று மட்டும் எனக்குத் தெரியும், என்ன என்று தெரியாது. அது அதுதான். தாங்கள் மட்டமாக வாசித்திருந்தால் என்றைக்காவது மன்னித்திருப்பேன்.

தாங்கள் எழுதியதில் ஒன்று உண்மை. "இன்னைக்கு நீ வாசிடா" என்று நான் ஒரு நாளும் சொன்னதில்லை. சொல்லியிருக்க வேண்டுமா என்று யோசித்துப் பார்த்தேன். சொல்லியிருக்க மாட்டேன். தாங்களும் என் இடத்தில் இருந்தால் சொல்லியிருக்க மாட்டீர்கள், இப்போது என் இடத்தில்தானே இருக்கிறீர்கள், தெரிந்திருக்கும்.

மேடைக்குப் பின்னால் தாங்கள் "மச்சான்!" என்று கையை விரித்துக்கொண்டு ஓடிவந்தபோது, "வாங்க மாப்பிள்ளை, ரொம்ப நல்லா வாசிச்சீங்க" என்றேன். கேலி என்று நினைத்துச் சிரித்தீர்கள். தங்கை சிரிக்கவில்லை, அவளுக்கு என்னைத் தெரியும். மறுநாள் போனில், "ஏன்டா இப்படி வாங்க போங்கன்னு கொல்ற? நாலு கெட்ட வார்த்தை சொல்லித் தொலையேன்!" என்று கேட்டீர்கள். அதற்குப் பதில் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

திட்டினால் அது சண்டை. சண்டை என்று வந்தால் ஒரு நாள் சமாதானமும் வரும். எனக்குச் சமாதானம் வேண்டாம்.

நண்பன் என்றால் முகத்தில் முழிக்காமல் இருந்துவிடலாம். தங்கை கணவரிடம் அது முடியாது, செய்யவும் கூடாது. ஆகவே தாங்கள் ஊர் திரும்பி என் வாசலுக்கு வரும்போது எழுந்து நிற்பேன். நாற்காலியை இழுத்துப் போடுவேன், பயணம் சௌகரியமாக இருந்ததா என்று கேட்பேன். என் மரியாதையில் ஒரு குறையும் காண முடியாது. அவள் கண்ணில் என்னால் தண்ணீர் வராது.

தங்கள் கடை முதலாளி தாங்கள் பார்த்த ரிப்பேர் வேலைக்கு என்னைக் கூப்பிட்டார். திங்கட்கிழமையிலிருந்து போகிறேன். குனிந்து செய்கிற வேலை, தோளுக்கு அவ்வளவு கனம் இல்லை. பேஸ் கிட்டாரைத் தாங்களே வைத்துக்கொள்ளலாம், கொண்டுவந்து தர வேண்டாம்.

இதற்குப் பதில் எழுதிச் சிரமப்பட வேண்டாம். வீட்டு விசேஷங்களை இனி தங்கை மூலமாகத் தெரிந்துகொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் மனைவியின் அண்ணன்