படியில் நின்ற சண்டைக்காரம்மா

ஜூன் 3

அன்புள்ள அக்காவுக்கு,

உன் உருப்படாத தம்பி எழுதுகிறேன். கிழிக்காமல் படி. முதலில் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். எனக்குக் கட்டிலோடு ஓர் அறை கிடைத்திருக்கிறது. விரிப்பு கசங்கிவிடுமே என்று ஒரு வாரமாகத் தரையில் படுக்கிறேன்.

வாடகை என் குழாய்வேலைக் கூலிக்குள் அடங்குகிறது. பூட்டிக் கிடந்த பழைய விடுதியை, நகராட்சிக்கு நடையாய் நடந்து வாங்கி, குடியை விட வந்தவர்களுக்கு வீடாக்கியவர் ஓர் அம்மா. மாலையானால் கீழ்க்கூடத்தில் எங்களை வட்டமாக உட்காரவைத்து மனம்விட்டுப் பேசச் சொல்வார். நகராட்சியில் அவருக்குச் சண்டைக்காரம்மா என்று பேர். குரலை உயர்த்தி நான் கேட்டதேயில்லை.

குடிகாரர்கள் இங்கே வேண்டாம் என்று தெருவே திரண்டது. அந்த அம்மா வாதாடவில்லை. எங்களை வீடுவீடாகக் கூட்டிப்போனார். நாங்களே கதவைத் தட்டிச் சொல்ல வேண்டும்: "குடிச்சே எல்லாத்தையும் தொலைச்சவன் நான். இப்ப விட்டிருக்கேன். எதிர்க் கட்டடத்துலதான் இருக்கேன். ஒரு குறைன்னா என்னையே கேளுங்க." அவர் படியில் நிற்பார், வாய் திறக்க மாட்டார். ஒருவர் முகத்தில் அடித்தாற்போல் கதவைச் சாத்தினார். நாளைக்கு மறுபடி வருவோம் என்றார் அம்மா, காய்கறி வாங்க வருவதுபோல. மூன்றாம் தடவை அந்த மனிதர் நாற்காலி போட்டார். மலைத்துப்போனேன் அக்கா.

நேற்று, "உங்க அக்கா வீடு எங்கே?" என்று கேட்டார். குடித்துவிட்டு மாமாவை நான் அடித்தது அவருக்குத் தெரியும். வரட்டுமா?

உன் தம்பி

ஜூன் 9

தம்பிக்கு,

மாமாவின் பல் இன்னும் ஆடுகிறது. மற்றபடி சுகம். வீடு மாறிவிட்டோம், மூன்றாம் மாடி. முகவரி உறையில் இருக்கிறது. வருவது உன் இஷ்டம். திறப்பேனா என்று எனக்கே தெரியாது.

அக்கா

ஜூன் 15, மதியம்

அன்புத் தம்பிக்கு,

காலையில் நீ தட்டியது பக்கத்து வீட்டுக் கதவு. கண்ணை மூடிக்கொண்டு ஒப்பித்தால் அப்படித்தான். "அடிச்ச கை இதுதான் மாமா. மன்னிக்கச் சொல்லலை. குடியை விட்டுட்டேன்னு சொல்லத்தான் வந்தேன்." நீ சொன்னது எங்களுக்கும் கேட்டது. அந்த வீட்டம்மா, ரொம்ப நல்லது தம்பி என்றாள்.

எங்கள் கதவுத் துளை வழியாகப் பார்த்தேன். படியில் ஓர் அம்மா. உன் குரல் நடுங்கியபோதும் உதவிக்கு வரவில்லை. நீயே சொல்லி முடிக்க வேண்டும் என்று அசையாமல் நின்றார். இவரா ஒரு தெருவையே திருப்பினார்? என் தோள் உயரம்கூட இல்லையே. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது.

ஓடிவந்து, என்னை விலக்கிவிட்டுக் கதவை இழுத்தவர் மாமாதான். நேற்று வர்ணம் பூசிய கதவு, ஒட்டிக்கொண்டது. வெட்கத்தில் நீ இறங்கிப் போய்விட்டாய், நாங்கள் கூப்பிட்டது காதில் விழவில்லை. இன்னும் ஒரு தடவை இழுத்தார். கைப்பிடி கையோடு வந்துவிட்டது.

இதைப் பக்கத்து வீட்டம்மாவிடம் ஜன்னல் வழியாகக் கொடுத்தனுப்புகிறேன். அந்த அம்மாவையும் கூட்டிக்கொண்டு நீயே வந்து திற. மாமா கைப்பிடியோடு உட்கார்ந்திருக்கிறார்.

உள்ளே இருக்கும்
உன் அக்கா