உம்ராவுக்குப் போகாத பிள்ளைக்கு

அன்பு மகன் சஹீருக்கு, உக்கடத்திலிருந்து அம்மா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே எல்லோருக்கும் உடம்பு நன்றாக இருக்கிறது, நீ எப்படி இருக்கிறாய் என்று இந்தத் தடவை ஒப்புக்குக் கேட்கவில்லை கண்ணு, நிஜமாகவே கேட்கிறேன். உன் அத்தா தாடிக்கு மருதாணி வைக்கிறேன் என்று காதையும் சிவப்பாக்கிக்கொண்டார், புது மாப்பிள்ளை என்றால் முறைக்கிறார்.

போன வாரம் நீ பெரியம்மா, மாமா என்று ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, தெரிஞ்சும் தெரியாமலும் செஞ்சதை மன்னிச்சுருங்க என்றாயாம். உம்ரா என்று புனிதப் பயணம் கிளம்புகிறவர்கள்தானே நம்மில் அப்படிக் கேட்பார்கள். சவூதியில் இருக்கிற பிள்ளை சொல்லாமல் கொள்ளாமல் போகிறான் என்று நான் பாயசம் காய்ச்சித் தெருவுக்கே ஊற்றினேன். பேரீச்சம்பழத்தோடு ஒரு மருமகளையும் கொண்டுவாடா என்று உனக்குக் கேலி வேறு. பிறகு, கிளம்பியாச்சா என்று கேட்க உன் அறையில் இருக்கிற நிஜாமைக் கூப்பிட்டேன். உம்ராவாங்கம்மா, வேலை போனதிலிருந்து அவன் ரூமை விட்டே வர்றதில்லீங்க, தூக்கமில்லீங்க, நான் இல்லாட்டி ஊட்டுல எல்லாரும் நிம்மதியா இருப்பாங்கன்னு சொல்றானுங்க என்றான். அப்படியே உட்கார்ந்துவிட்டேன். இரவெல்லாம் விழித்துத்தான் இதை எழுதுகிறேன், எழுத்துக் கோணலுக்கு நான் படித்த மூன்றாம் வகுப்பைக் குறை சொல்லாதே.

நேராகக் கேட்டால் அந்த நினைப்பை நாமே உன் மனதில் போட்டதுபோல் ஆகிவிடுமோ என்று ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கிற உன் அக்கா சித்திகாவிடம் கேட்டேன். அப்படியெல்லாம் ஆகாதும்மா, கேக்காம உடறதுதான் தப்பு என்றாள். அதனால் கேட்கிறேன். செத்துவிடலாம் என்று தோன்றுகிறதா சஹீர்? ஆமாம் என்றாலும் சொல், திட்ட மாட்டேன், பாவம் புண்ணியம் என்று பயான் பண்ண மாட்டேன். வேலை போனால் போகட்டும். நீ பாரம் என்று யார் சொன்னது, உன் அத்தாவையே இத்தனை வருஷமாகச் சுமக்கிறேன், நீ எனக்கு என்ன கனம்? மற்றவர்கள் மன்னித்துவிட்டார்களாம். நான் மன்னிக்கவில்லை, நேரில் வந்து கேள்.

போனில் நல்லாத்தான் இருக்கேம்மா என்கிறாய், அதற்குமேல் எனக்கு நாக்கு எழவில்லை. அதனால்தான் இதை உன் மாமா கலீல் ரஹ்மானிடம் கொடுத்தனுப்புகிறேன். அங்கேயே வேலை பார்க்கிறவர், வந்த லீவு முடியாமலே இன்றைக்கு விமானம் ஏறுகிறார். அவர் வரும்வரை உன்னைத் தனியாக விடாதே என்று நிஜாமிடம் சொன்னது நான்தான், அவனைக் கோபிக்காதே. மனநல டாக்டரிடம் மாமா கூட்டிப்போவார், மறுக்காமல் போ, உள்ளதைச் சொல். பிறகு அவரோடு ஊருக்கு வா.

அல்லாஹ் உன்னை எனக்கு வைத்திருக்கட்டும். இதைப் படித்ததும் கூப்பிடு, எந்த நேரமானாலும் சரி. பேச முடியாவிட்டால் பேச வேண்டாம் கண்ணு, சும்மா லைனில் இரு, நான் பேசிக்கொண்டே இருக்கிறேன்.

உன் அம்மா,
உம்மல் குல்சும்