கொண்டி போட்டாச்சு

மூன்று நாள் ஆலோசனைக்குப் பிறகு, நேற்று காலை வடக்கனந்தல் வெல்டிங் பட்டறையில் மிக முக்கியமான முடிவு ஒன்று எடுக்கப்பட்டது. ஆலோசனையில் கலந்துகொண்டவன் நான் ஒருவன்தான் என்பதால் தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. நாம் பங்கு போட்டு வாங்கிய டிராக்டரின் இரண்டு பிரேக் பெடல்களையும் சேர்த்துப் பற்றவைத்துவிடுவது.

"இன்னாங்க, பத்த வச்சிட்டா வயல்ல எப்டி திருப்புவீங்க?" என்றார் பட்டறைக்காரர்.

"யோசிச்சாச்சு, போடுங்க" என்றேன். அந்தப் புகை இன்னும் என் சட்டையில் இருக்கிறது. அதனால்தான் உனக்கு எழுதுகிறேன்.

உழும்போது வரப்போரம் சட்டென்று திரும்ப ஒரு பக்கச் சக்கரத்தை மட்டும் பிடிக்க வேண்டும். பெடல் இரண்டாக இருப்பது அதற்குத்தான். ரோட்டுக்கு வந்ததும் கொண்டியால் இரண்டையும் இணைத்துவிட வேண்டும். இது நம் இருவருக்கும் தெரியும். அன்று வெள்ளிமலையில் குச்சிக்கிழங்கு ஏற்றிக் கிளம்பும்போது, என் பக்கத்தில் சக்கரத்து மட்கார்டில் உட்கார்ந்தபடி நீ கேட்டாய்: "கொண்டி போட்டியா?"

"போட்டாச்சு" என்றேன், குனிந்து பார்க்காமல். காலையில் அந்த வண்டியில்தான் உழுதிருந்தேன்.

டிரெய்லரில் மூட்டைகளின் மேல் கிழங்கு பிடுங்கிய நான்கு பெண்கள். கீழே போய் டீ குடிக்கும் அவசரத்தில் நான் பெரிய கியரில் இறக்கினேன். மூன்றாவது வளைவில் பிரேக்கை மிதித்தேன். வலது சக்கரம் மட்டும் பிடித்தது. வண்டியின் மூக்கு பள்ளத்தின் பக்கம் திரும்பியது. பின்னாலிருந்த பாரம் நம்மைத் தள்ளியது.

"இன்னாண்ணே இப்டி ஆடுது?" என்று மேலிருந்து ஒரு குரல்.

"ஒண்ணுமில்லக்கா, கெட்டியா புட்சிக்கினு உக்காருங்க" என்றாய். பிறகு என் காதருகே, அதே குரலில்: "கால எடு."

சரிவில் ஓடும் வண்டியில் பிரேக்கை விடச் சொன்னாய். எடுத்தேன். மூக்கு நேரானது, வேகம் கூடியது. என் இடது கால் கிளட்சைத் தேடியது.

"கிளட்ச தொடாத. இன்ஜின் புடிக்கட்டும். இப்ப ரெண்டயும் சேத்து மிதி. விடு. மிதி. விடு."

தடுப்புக் கட்டைக்கு ஒரு முழம் முன்னால் வண்டி நின்றது. நீ இறங்கிச் சக்கரங்களுக்குக் கல் வைத்தாய். குனிந்து பெடலைப் பார்த்தாய். நீ கொண்டியை மாட்டிய சத்தம் எனக்கு மட்டும் கேட்டது.

"வண்டி சூடாயிடுச்சு. கொஞ்சம் ஆறட்டும்" என்றாய் அவர்களிடம். பிறகு என்னைப் பார்த்து, "நீயே ஓட்டு. மொத கியரு" என்றாய்.

நடந்ததை நீ ஒருவரிடமும் சொல்லவில்லை. கேள்வியை மட்டும் விடவில்லை. நான் சேலம் பஸ் ஏறினால் கேட்பாய். சலூன் நாற்காலியில் உட்கார்ந்தால் கேட்பாய். என் மகள் கல்யாணத்தில், மேளம் கொட்டும் நேரத்தில், என் தோளருகே வந்து, "கொண்டி போட்டியாடா?" என்றாய். சம்பந்தி அதை வேறு ஏதோ சடங்கு என்று நினைத்து, பயபக்தியோடு தலையாட்டினார்.

நீ கண்ணை மூடி ஏழு மாதம் ஆகிறது. போன வாரம் அதே வெள்ளிமலை, அதே பாரம், மேலே ஐந்து பெண்கள். இறக்கம் தொடங்கும் இடத்தில், நீ இல்லாமல் காலியாக இருந்த மட்கார்டைப் பார்த்துவிட்டுக் குனிந்தேன். கொண்டி தனியாகத் தொங்கிக்கொண்டிருந்தது. அன்று காலையும் நான் உழுதிருந்தேன். கொண்டி போட்டியா என்று யாரும் கேட்கவில்லை.

இப்போது பெடல் இரண்டும் ஒரே இரும்பு. இனி டிராக்டர் கிழங்கு மட்டும் இழுக்கும். உழவு பாதியில் நின்ற நம் இரண்டு ஏக்கர் இந்த வருஷம் கரம்பாகக் கிடக்கும்.